வழியனுப்ப வந்த வீடுகள்

செண்பகவல்லி ஊருக்குத் திரும்புகிறாள் என்ற செய்தி ஷார்ஜாவில் ஒரு காய்கறிக் கடையில் புறப்பட்டு, அஜ்மானைத் தொட்டு, அல் அய்ன் வரைக்கும் போய், கடைசியில் மலையையும் தாண்டி ஃபுஜைராவுக்குள் நுழைந்துவிட்ட அந்த வாரத்தில்தான், அவளை வழியனுப்ப மனுஷர்கள் வந்தது போதாதென்று வீடுகளும் வர ஆரம்பித்தன.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் பத்தாவது வரை படித்துவிட்டு, கல்யாணமான கையோடு விமானம் ஏறி வந்தவள் அவள். புருஷன் பூலோகபாண்டி ஏசிக் குழாய் மாட்டுகிற கம்பெனியில் ஃபோர்மேன். வந்த புதிதில் நாலு ஜோடிகள் ஒரே பழைய வில்லாவில், ஆளுக்கு ஓர் அறையும் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்படியுமாகக் குடியிருந்தார்கள். காயல்பட்டினத்து ஜைனம்பு, நாசரேத்து ஜெபக்கனி, தேவகோட்டை உமையாள், பிறகு இவள். யார் குக்கர் எத்தனை விசிலுக்கு இறங்கும், யார் புருஷனுக்கு எந்தக் காய் ஆகாது, யார் மாமியார் ஃபோனில் எந்தக் குரலில் அழுவாள் என்பதெல்லாம் நாலு பேருக்கும் மனப்பாடம். அப்புறம் ஆம்பிளைகளின் வேலை ஆளுக்கொரு திசையாக இழுக்க, அந்த ஓர் அடுப்படி நாலு ஊருக்குப் பிரிந்து போனது. ஜைனம்பு அஜ்மானுக்கும், ஜெபக்கனி அல் அய்னுக்கும், உமையாள் ஃபுஜைராவுக்கும் போக, செண்பகவல்லி ஷார்ஜாவிலேயே தங்கினாள்.

இப்போது ஊரில் வீடு கட்டி முடிந்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் மாவு அரைக்க ஒரு மிஷின், மிளகாய் அரைக்க ஒரு மிஷின் என்று செண்பகவல்லி திட்டமும் போட்டாகிவிட்டது. மகள் இதழினியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். திரும்பிப் போவதில் அவளுக்கு வருத்தமே இல்லை. வருத்தப்பட நேரமும் இல்லை. பெட்டி கட்டுவதற்கு நடுவே ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய் ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"உமையாள் வீட்டுக்கு?" என்றான் பூலோகபாண்டி.

"அவ ஃபோனே எடுக்க மாட்டேங்கிறா. நம்ம போயி கதவைத் தட்டணுமாக்கும்?" என்றாள். சொன்ன பிறகு, கட்டி முடித்திருந்த பெட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

இதழினி பிறந்ததிலிருந்து மூன்று வருஷமாக உமையாள் பேசவில்லை. நாலு பேரிலும் அவர்கள் இருவரும்தான் ஒரே வயசு, ஒரே மாதத்தில் வந்திறங்கியவர்கள், ஒருத்தி தலைக்கு ஒருத்தி எண்ணெய் தேய்த்துவிட்டவர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிட்டாள். தனக்குப் பிள்ளை வந்தது அவளுக்குப் பொறுக்கவில்லையோ என்று ஒரு தடவை நினைத்த செண்பகவல்லி, நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

முதலில் அஜ்மானுக்குப் போனார்கள். ஜைனம்பு நெய்ச்சோறும் களறிக்கறியும் வைத்து, இனி ஒரு பருக்கை இறங்காது என்கிற வரைக்கும் போட்டாள். கிளம்பும்போது கதவு வரைக்கும் வந்தவள் லிஃப்ட் வரைக்கும் வந்தாள், லிஃப்ட் வரைக்கும் வந்தவள் கீழ்வாசல் வரைக்கும் வந்தாள், கீழ்வாசல் வரைக்கும் வந்தவள் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்து, பஸ் திரும்பும் வரைக்கும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி நின்றாள்.

மறுநாள் காலையில் குப்பைப் பையோடு கதவைத் திறந்த செண்பகவல்லி, தன் ஐந்தாம் மாடித் தாழ்வாரம் முடிகிற இடத்தில், தீயணைப்புக் குழாய்ச் சுருளுக்கு அந்தப் பக்கம் நேற்றுவரை சுவராக இருந்த இடத்தில், ஒரு பச்சைக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே ஜைனம்பு புருஷனுக்கு டிபன் பை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா! எப்ப வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன் புள்ள? பஸ்ஸு போனதும் நான் வீட்டுக்குப் போயிட்டேன். வீடுதான் உன் பின்னாடியே வந்திருக்கு. பாதி வழியில விட்டுட்டுத் திரும்ப அதுக்கு மனசு வரல போல." சொல்லிவிட்டு, "உன் வீட்டுல கறிவேப்பிலை இருந்தாக் கொஞ்சம் குடு, என் செடி பால்கனியோட அந்தப் பக்கம் திரும்பிக் கெடக்கு" என்றாள்.

செண்பகவல்லி ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தாள். அஜ்மானில் அந்த வீடு இருந்த மூன்றாம் மாடியில் இப்போது பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை இருக்கிறதாம். அதன் வழியாக நல்ல கடல் காற்று வருகிறது என்று மேல்வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டதாக ஜைனம்புவின் புருஷன் சாயங்காலம் வந்து சொன்னார். அவருக்கு ஒரே கஷ்டம், கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது போய் இப்போது ஊர் தள்ளி ஆகிவிட்டது.

கட்டட வாட்ச்மேன் அலவிக்குத்தான் தலைவலி. மலப்புறத்துக்காரர், எதையும் முறைப்படி செய்கிறவர். பச்சைக் கதவின் முன்னால் நின்று தாடியைத் தடவினார். "சேச்சி, வீடு வந்நது வரட்டும். செருப்பு அலமாரி தாழ்வாரத்தில வைக்கான் பாடில்ல. அது நம்ம கட்டடத்துச் சட்டம்" என்று சொல்லி, செண்பகவல்லி வீட்டு எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து '507 ஏ' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

அடுத்து அல் அய்ன். ஜெபக்கனி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மீன்குழம்பு வைத்திருந்தாள், ஜெபம் பண்ணினாள், அழுதாள், அழுதுகொண்டே இதழினியின் காதில் அழுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். கிளம்பும்போது காரோடு கூடவே நடந்து ரவுண்டானா வரைக்கும் வந்துவிட்டாள். "நீ வராதக்கா, உன் வீடு வந்துரும்" என்று செண்பகவல்லி எவ்வளவோ சொன்னாள். "வந்தா வரட்டும் போ ட்டீ" என்றாள் ஜெபக்கனி.

வந்தது. காலையில் தாழ்வாரம் இன்னும் நீண்டிருந்தது. ஜெபக்கனியின் வீடு பேரீச்சை நிழலையும், கொடியில் காய்ந்த யூனிஃபார்மையும், பாலைவனத்து உலர்ந்த வாசனையையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் மட்டும் பதறிக்கொண்டு, ஈரத்தலையோடு லிஃப்டுக்கு ஓடினாள். "எனக்குக் காலை ட்யூட்டி ட்டீ! இங்க இருந்து அல் அய்ன் போக மத்தியானம் ஆயிருமே!"

அப்போதுதான் எல்லோரும் அந்த இடத்தைக் கவனித்தார்கள். ஜைனம்புவின் பச்சைக் கதவுக்கும் ஜெபக்கனியின் வெள்ளைக் கதவுக்கும் நடுவே, ஒரு வாசல் அகலத்துக்கு, வெறும் சுவர். சுண்ணாம்பு காயாத மாதிரி ஈரமாக இருந்தது. ஆனால் தொட்டால் கையில் ஒட்டவில்லை. இதழினி அங்கே பந்தை எறிந்தாள், பந்து திரும்பி வரவில்லை. சுவரோரமாகச் சத்தமில்லாமல் நழுவி விழுந்து கிடந்தது. செருப்பு அலமாரியைக்கூட அந்த இடத்துக்கு முன்னால் வைக்க யாருக்கும் கை வரவில்லை. யாருக்கான இடம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் போனது. தாழ்வாரத்தில் பாய் விரித்து மூன்று அடுப்படிச் சாப்பாடும் ஒன்றாக நடந்தது. எதிர்வீட்டு எகிப்துக்காரம்மா ரொட்டி கொண்டுவந்து உட்கார்ந்தாள், அலவி ஓசியில் மீன்குழம்பு சாப்பிட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். எல்லாம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. ஆனால் வந்த வீடுகள் திரும்புகிற வழியைக் காணோம். ஜெபக்கனிக்கு ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், ஜைனம்பு புருஷன் கடை திறக்கும் நேரத்துக்கு வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"நாலும் சேராம இதுக கெளம்பாது" என்றாள் ஜைனம்பு, வெங்காயம் உரித்துக்கொண்டே. "நாலும் ஒரே அடுப்படியில இருந்ததுகதானே. செம்பகம், நீ ஃபுஜைராவுக்குப் போயிட்டு வா."

"நான் என்ன தப்பு பண்ணேன் ராத்தா? பேசாம போனது அவ."

ஜைனம்பு கத்தியைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஆனா ஊரை விட்டுப் போறவகிட்ட சொல்றது சத்தியத்துல சேராது, நான் நல்லா யோசிச்சுட்டேன். நீ பிள்ளை பெத்து வந்தப்போ அவ தூக்குச்சட்டியில பத்தியக் குழம்பு கொண்டாந்தாளே, ஞாபகம் இருக்கா?"

"இருக்காம? பூண்டும் மிளகும் போட்டு. அதைத் தின்னுதானே எனக்குப் பாலே ஊறுச்சு."

"அந்தத் தூக்கு அவளுக்கு எப்படித் திரும்பிப் போச்சு?"

செண்பகவல்லி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. தையலோடு படுத்துக் கிடந்த நாள்கள் அவை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது அவள் இல்லை. "ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்த பூலோகபாண்டி ஸ்பேனரோடு ஓடிவந்தான்.

"உமையாள் தூக்குச்சட்டியை யாரு திருப்பிக் குடுத்தா?"

"நான்தான். அவ வீட்டுக்காரரு லெட்சுமணன் அண்ணன்கிட்ட குடுத்தேன்."

"உள்ள என்ன போட்டுக் குடுத்தீக?"

"உள்ளயா? உள்ள ஒண்ணும் இல்ல, நல்லா விளக்கித்தான் குடுத்தேன்! புளி போட்டுத் தேச்சு, வெயில்ல காய வச்சு, துணியால துடைச்சு... என்ன, எல்லாரும் இப்படிப் பாக்கீக?"

மூன்று பொம்பிளைகளும் அவனைப் பார்த்த பார்வையில் எகிப்துக்காரம்மாவுக்கே ஏதோ புரிந்து, 'அடப் பாவமே' என்கிற மாதிரி தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"ஒரு கை சீனி போடக் கூடாதா மனுஷா? ரெண்டு வெத்தலை? அரிசியாவது?" என்றாள் செண்பகவல்லி.

"பாத்திரம் அவங்களது. சீனி நம்மளது. அதை எதுக்கு அதுக்குள்ள போடணும்?" என்றான் பூலோகபாண்டி. உலகத்தில் எத்தனையோ நுட்பமான குழாய்களை மாட்டத் தெரிந்தவன்.

"பிள்ளை பெத்த வீட்டுல இருந்து, பிள்ளை இல்லாதவளுக்கு, வெறும் பாத்திரம் போயிருக்கு" என்றாள் ஜைனம்பு மெதுவாக. "உன் கை பட்டது எங்களுக்கு ஆகாதுன்னு சொல்லாம சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டா. என் மடியில படுத்து அழுதா புள்ள."

செண்பகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அவள் அடுப்படி பெட்டிக்குள் போய்விட்டது. அதனால் ஜைனம்பு வீட்டு அடுப்பில், ஜெபக்கனி வீட்டு வாணலியில், ஊருக்கே திரும்ப எடுத்துப் போக இருந்த கடைசி உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்டுப் பாகு காய்ச்சி, எள்ளும் தேங்காயும் அரிசி மாவுமாகப் பிசைந்து, வேண்டியமட்டும் அதிரசம் சுட்டாள். ஊர் போவது மறுநாள் சாயங்காலம். கையில் இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

ஃபுஜைராவில் உமையாள் கதவைத் திறந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மூக்குத்தி அதே மூக்குத்தி. "வாங்க" என்றாள், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது மாதிரி.

"ஆச்சி, அந்தத் தூக்கை எடு" என்றாள் செண்பகவல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எந்தத் தூக்கு?"

"எந்தத் தூக்குன்னு உனக்குத் தெரியும். எடுடீ."

உமையாள் அடுப்படிக்குத் திரும்பினாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் கடைசியாக இருந்த தூக்குச்சட்டியை இறக்கினாள். மூடியில் புள்ளி புள்ளியாக அவள் அம்மா பெயர் வெட்டியிருந்தது. மூன்று வருஷமாக யாரும் தொடாமல் தூசி படிந்திருந்தது. செண்பகவல்லி அதைப் பிடுங்கி, குழாயில் கழுவி, முந்தானையால் துடைத்து, கொண்டுவந்த பையை அவிழ்த்து அதிரசத்தை ஒவ்வொன்றாக அடுக்கினாள். மூடி மூட முடியாமல் மேலே கூம்பாக நின்றது.

"மூணு வருஷம் லேட்டு" என்றாள். "திட்டணும்னா அங்க கதவுக்கு வெளிய நிக்காரு பாரு, அவரைத் திட்டு."

பூலோகபாண்டி தலையை மட்டும் உள்ளே நீட்டினான். "தங்கச்சி, சத்தியமாச் சொல்றேன், எனக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. எங்க வீட்டுல நான் ஒருநாளும் பாத்திரம் திருப்பிக் குடுத்ததில்ல. சுத்தமா இருக்கணும்னு புளி போட்டு அந்தத் தேய் தேச்சேன்."

உமையாள் தூக்கைப் பார்த்தாள். "அவ்வளவு பளபளன்னு இருந்துச்சு, செம்பகம். என் மூஞ்சி அதுல தெரிஞ்சுது. என் கை ரேகைகூட மிஞ்சக் கூடாதுன்னு தேச்சிருக்காகன்னு நெனச்சேன்." அப்புறம், எங்கிருந்தோ, சிரிப்பு வந்துவிட்டது. "புளி போட்டா தேச்சாரு?"

"மூணு தடவை" என்றான் பூலோகபாண்டி, கொஞ்சம் பெருமையாக.

அதற்குள் இதழினி கூம்பின் உச்சியிலிருந்த அதிரசத்தை எடுத்துக் கடித்திருந்தாள். பாதியை உமையாளிடம் நீட்டினாள். உமையாள் குனிந்து, எச்சில் அதிரசத்தை அப்படியே வாயில் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அன்று அவர்கள் கிளம்பும் வரைக்கும் இறக்கவில்லை.

ஆனால் கிளம்பும்போது அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. "போயிட்டு வாங்க" என்று உள்ளே நின்றே சொன்னாள். லிஃப்ட் வரைக்கும் வரவில்லை. மலைப்பாதை முழுக்கச் செண்பகவல்லி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "சிரிச்சாள்ல?" என்றான் பூலோகபாண்டி. "சிரிச்சா" என்றாள். "ஆனா வெளிய வரல."

மறுநாள் காலையில் அந்த இடம் வெறும் சுவராகத்தான் இருந்தது. மத்தியானமும் சுவர். சாமான் ஏற்றுகிறவர்கள் வந்து பெட்டிகளை இறக்கினார்கள், சாவி அலவி கைக்குப் போனது, டாக்ஸி கீழே ஹாரன் அடித்தது. ஜைனம்புவும் ஜெபக்கனியும் அவரவர் வாசலில் நின்றார்கள். செண்பகவல்லி சுவருக்கு முன்னால் போய் நின்று, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"சரி, நேரமாச்சு" என்று அவள் திரும்பியபோது, முதலில் மிளகு வறுக்கிற வாசனை வந்தது. பிறகு தாழ்வாரம் முழுக்க ஒரு குலுக்கல். எகிப்துக்காரம்மா வீட்டுப் படங்கள் சுவரில் ஆடின. இரண்டு கதவுகளும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட, நடுவில் மூச்சுவாங்குகிற மாதிரி வந்து பொருந்தியது, வாசல் படியில் கோலம் ஒட்டிய பழுப்புக் கதவு. அது திறந்தது. உமையாள், கையில் தூக்குச்சட்டி.

"நேத்தே கெளம்பியாச்சு செம்பகம்! மலைக்குள்ள சுரங்கப்பாதையில வீடு மாட்டிக்கிச்சு. உயரம் பத்தல. அப்பறம் திரும்பி, கடற்கரை வழியாச் சுத்தி வர வேண்டியதாப் போச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன்லாம் என்னா ஏச்சு ஏசினான்கிற!"

"வாசலைத் தாண்டலையேடீ நீ?"

"தாண்டினா அழுதுருவேன்னு உள்ளயே நின்னுட்டேன். வீடு யாரைக் கேக்குது?"

நாலு பேரும் தாழ்வாரத்தில் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள், ஒருத்தி முந்தானையில் ஒருத்தி மூக்கைத் துடைத்தார்கள். டாக்ஸிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். பூலோகபாண்டி, "விமானம் நமக்காக நிக்காது" என்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

பிறகு டாக்ஸி புறப்பட்டது. டாக்ஸிக்குப் பின்னால் ஐந்தாம் மாடித் தாழ்வாரமும் புறப்பட்டது. பச்சைக் கதவும் பழுப்புக் கதவும் வெள்ளைக் கதவும், கொடியில் ஆடுகிற யூனிஃபார்மும், நடுவே முக்காலியில் உட்கார்ந்தபடி அலவியும், சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் நகர்ந்து, வரிசை தப்பாமல் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தன. அங்கே போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே என்றார். வீடுகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டிகள் வருகிற வழியை மறைக்காமல் ஓரமாக நிற்கச் சொன்னார்.

உமையாள் தூக்குச்சட்டியைச் செண்பகவல்லியின் கையில் திணித்தாள். உள்ளே கவுனி அரிசிப் பொங்கல், நெய் உறைந்து. "வழியில சாப்புடுங்க. தூக்கு எனக்கு வேணும். எங்கம்மா பேரு வெட்டினது, பத்திரம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது மூன்று வாசலிலும் மூன்று பேர் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி மறைந்த பிறகுதான் வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஜெபக்கனி இரவு ட்யூட்டிக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டாளாம்.

ஊரில் மாவு மிஷின் வந்து இறங்கியது, மிளகாய் மிஷினுக்குக் கரண்டு இணைப்பு இன்னும் வரவில்லை. புது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மந்திரமூர்த்தி ஒருநாள் காலையில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "யம்மா, அடுப்படிச் சுவருல ஒரே ஒரு எடம் காயவே மாட்டேங்கு. வாசல் அகலம் இருக்கும். நாலு நாளா வெயிலு கொளுத்துது, அது மட்டும் ஈரமாவே இருக்கு. தொட்டா கையில ஒட்டவும் இல்ல. இடிச்சுப் பூசிரட்டுமா?"

செண்பகவல்லி வந்து பார்த்தாள். இதழினியைக் கூப்பிட்டாள். பிள்ளை பந்தை எறிந்தாள். பந்து திரும்பி வரவில்லை, சுவரோரமாகச் சத்தமில்லாமல் நழுவி விழுந்தது.

"அதைத் தொடாதீங்கண்ணே, அது அப்படியே இருக்கட்டும். அந்த இடத்துல எதையும் சாத்தியும் வைக்காதீங்க" என்றாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள், கருப்பட்டியை உடைத்தாள். பூலோகபாண்டி ஆசையாக அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். பலகையில் அந்தத் தூக்குச்சட்டி இருந்தது, அடியில் நெய்ப் பிசுக்கோடு. நாமும் கொஞ்சம் உதவி செய்வோமே என்று அவன் அதன் பக்கம் கையை நீட்டினான்.

"யய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் செண்பகவல்லி, பாகைக் கிண்டிக்கொண்டே. "நீங்க அந்தத் தூக்கை மட்டும் தொடாதீக. நானே விளக்கிக்கிடுதேன்."